ஹாரன் கேட்காத காலை

பாவாயி அக்கா காலையில் போன் செய்தால் ஊரில் ஏதோ சண்டை என்று அர்த்தம். கண் அறுவை சிகிச்சை முடிந்து சேலத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். "டீச்சர், நம்ம செங்கோடண்ணன் போயிட்டாருங்க" என்றார். "எப்பப் பாத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். "ஹாரன் கேக்கலீன்னு உடனே ஓடுனோமுங்க. உசுரு இருந்துச்சு. கடைசி வரைக்கும் எல்லாரும் கூடத்தான் இருந்தோம்." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. அண்ணனை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். பிள்ளைகளெல்லாம் போர்வெல் போடும் ரிக் வண்டியோடும் கம்பெனி வேலையோடும் வெளியே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நரைத்த தலைகள்தான். சில வருடங்களுக்கு முன் மேல வீட்டு ராசப்பன் இறந்து கிடந்தது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஆடு ஓயாமல் கத்தியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சுடுகாட்டுக்கு எடுத்துப்போய் வந்த அன்று செங்கோடண்ணன் சோற்றைத் தொடவில்லை. "நாதியத்தவனாட்டம் கெடந்திருக்கறான். இனி ஒருத்தரும் இப்படிக் கெடக்கக் கூடாதுங்க" என்றார்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர் அவர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பாடியில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் பயமில்லை, வரலாம். அதையே ஊருக்குள் கொண்டுவந்தார். பழைய லாரியின் ரப்பர் பந்து ஹாரனைத் தன் மொபெட்டில் மாட்டிக்கொண்டு, விடிந்ததும் ஒவ்வொரு வாசலிலும் அழுத்துவார். உள்ளேயிருந்து கதவில் இரண்டு தட்டுக் கேட்டால் அடுத்த வீடு. ஒரு தட்டோ, சத்தமே இல்லையோ, ஊரைக் கூட்டிவிடுவார்.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஆயுசு பூரா ஆஜர் எடுத்தவ நான். எனக்கே ஆஜரா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "நல்லாத் திட்டுங்க டீச்சர். சத்தம் கேட்டாப் போதுமுங்க" என்று சிரித்தபடி வண்டியை நகர்த்தினார். கதவைத் தட்டுவதில்லை என்ற பிடிவாதத்தில் நானும் தினமும் பதிலுக்குத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

ஒரு நாள் பாவாயி அக்கா வீட்டில் ஹாரன் அடித்த நேரம் பார்த்து 'டங்'கென்று ஒரே ஒரு சத்தம். அண்ணன் விடாமல் ஹாரனை அழுத்தினார். கைத்தடியோடு ஒருவர், பல்செட் போடாமல் ஒருவர், முழங்கால் வலியை மறந்து நான் என்று ஊரே திரண்டது. பாவாயி அக்கா உடைத்த தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தார். "சட்னிக்குத் தேங்கா ஒடைக்கோணும்னாலும் ஊரைக் கேக்கோணுமா?" அத்தனை பேருக்கும் அன்று அங்கேதான் இட்லி. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா ஓடியாந்தா காலுதான் வலிக்குமுங்க. ஓடியாராம உட்டாத்தான் தப்பு" என்றார்.

பெங்களூரில் இருக்கும் அவர் மகள் கலா அப்பாவை அழைத்துக்கொண்டு போகப் படாதபாடு பட்டாள். ஒரு முறை போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். "எதுத்த ஊட்டுல யாருன்னே தெரியலீங்க. அங்க ஹாரன் அடிச்சா போலீசுதான் வரும்." ஆனால் அவர் வாசலில் ஹாரன் அடிக்க யார் இருக்கிறார்கள் என்ற பயம் கலாவுக்கு இருந்தது. வெளியே சொல்லாவிட்டாலும் எனக்கும் இருந்தது.

அடக்கத்துக்கு நான் சேலத்திலிருந்து வந்ததும் கலா என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டாள். "அப்பா தனியாக் கெடந்தாரா டீச்சர்? மறைக்காமச் சொல்லுங்க." "இல்ல சாமி" என்றேன். அவரவர் காபி ஆறுவதற்குள் ஊரே அவர் கட்டிலைச் சுற்றி நின்றதையும், பாவாயி அக்கா மடியில் தலை வைத்து அவர் தண்ணீர் குடித்ததையும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் அமைதியாகப் போனதையும் நான் போனில் கேட்டபடியே சொன்னேன். அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். இருவருக்கும் பாரம் இறங்கியது.

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு விடியலிலேயே விழித்துக் கிடந்தேன். தெரு அமைதியாக இருந்தது. திடீரென்று என் வாசலில் ஹாரன். மொபெட்டிலிருந்து அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பாவாயி அக்கா நடந்தே வந்திருந்தார். "ஏனுங்க டீச்சர், இருக்கறீங்களா? இல்ல, ஆளுங்களைக் கூட்டட்டுமா?"

வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு எழுந்து போய், கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.