ஆடாமல் படுத்திருந்த கால்

எங்கள் ஸ்கேன் அறை அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆடாதீங்கம்மா’. ஆடாமல் படுத்தால்தான் படம் தெளிவாக விழும் என்பது அவருக்கு வேதவாக்கு. பதினெட்டு வருடமாகப் படுக்கையில் ஏறுபவர்களை எல்லாம் அப்படித்தான் வரவேற்கிறார். வீட்டிலும் இதே கதைதான். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினால் அடுப்படியிலிருந்தே அதட்டல் வரும். பாவம் மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிப்பார். ரிப்போர்ட் டைப் செய்யும் நான் அக்காவைக் கிண்டல் செய்யாத நாளே கிடையாது.

போன மாதம், வீடு வீடாகத் தபால் கொடுக்கும் ஒரு பெண் இரண்டாம் முறையாக வந்தாள். இருபத்தாறு வயது. பத்து நிமிடம் வேகமாக நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் சரியாகிவிடும். முதல் தடவையும் அக்காதான் பார்த்தார். ‘ரத்த ஓட்டம் நார்மல்’ என்று டைப் செய்தது நான். அந்தத் தாளை வைத்துக்கொண்டே, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று அலுவலகத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த முறையும் ஒன்றுமில்லை என்றால் வேலை போய்விடும்.

“எல்லாம் நடிப்பு மேடம்,” என்றான் கூட வந்த அண்ணன், அவள் காதுபடவே. எனக்குச் சுருக்கென்றது.

அக்கா அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலுக்குப் பின்னால் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். திரையில் ரத்தம் ஜம்மென்று ஓடியது.

“நல்லாத்தானேம்மா ஓடுது?”

“படுத்திருந்தா எனக்கும்தான் வலிக்கல மேடம். மாடிப்படி ஏறச் சொல்லுங்க, அப்ப தெரியும்!” என்று வெடித்தாள் அவள்.

அக்கா திரையையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏய், டைப் அடிச்சது போதும், இங்க வா. இவ பாதத்துல கையை வச்சு அழுத்திப் பிடி. நீ அவ கையைக் காலால தள்ளும்மா, விடாத.”

தள்ளினாள். அடேயப்பா, என்ன பலம்! திரையில் ஓடிய சிவப்பு மெலிந்து மெலிந்து நின்றே போனது. காலைத் தளர்த்தியதும் மறுபடி ஓடியது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதேதான். டாக்டர் வந்து பார்த்தார். கெண்டைச் சதை பிறவியிலேயே இடம் மாறி ஒட்டிக்கொண்டு தமனியை நெரிக்கிறது போலிருக்கிறது, அபூர்வமான கோளாறு, இன்னொரு ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு ஆபரேஷனில் சரிசெய்யலாம் என்றார். அந்தப் பெண் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

ஒரு வாரத்துக்கு அக்காவை ஓட்ட விஷயம் கிடைத்ததென்று எனக்கு வாய் நமநமத்தது. அவரோ கையிலிருந்த ஜெல்லைக்கூடத் துடைக்காமல் வெளியே போனார். காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அந்த அண்ணன் எதிரே போய் நின்றார்.

“தம்பி, உங்க தங்கச்சி நடிக்கல. போன தடவை நான்தான் சரியாப் பாக்கல.”