எக்ஸ்ரே படத்தில் வெட்டிய பொம்மைகள்

ஜோதிமணி தீக்காய வார்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்துப் பெண். நர்ஸ் படிப்பு முடித்து, மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அங்கே அக்ரஹாரம் என்ற பகுதியில் வாடகை வீட்டில் இருந்தாள். கணவர் சென்னிமலைக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. காலை ரயிலில் போய் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார். அந்த வார்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் எந்த நர்ஸும் நின்றதில்லை. ஜோதிமணி நின்றாள். கல்லு மாதிரி ஆள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதை அவளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

1994 ஜூனில் ஒரு காலை, குண்டலுபேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கட்டு மாற்றினாள். ஸ்டவ் வெடித்துக் கையும் கழுத்தும் வெந்த பெண். புண்ணோடு ஒட்டிய துணியைச் சலைன் விட்டு நன்றாக ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னும் பதினொரு கட்டு பாக்கி என்ற நினைப்பில் ஜோதிமணி ஊறவைக்காமலே இழுத்துவிட்டாள். அந்தப் பெண் கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கன்னடத்தில், சிஸ்டர் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

ஜோதிமணிக்குக் கை நின்றுபோயிற்று. எத்தனை நாளாக இப்படி இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தாள். நினைவுக்கே வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. வீட்டிலும் மாதக்கணக்காக யாரோடும் சரியாகப் பேசவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுத்தாள். நர்ஸிங் சூப்பிரண்டு கௌரம்மா கண்டிப்பானவர். அந்த வார்டிலிருந்து அந்த வருஷம் வந்த நான்காவது விண்ணப்பம் அது. மாற்ற ஆள் இல்லை என்று சொல்லி மூன்று நாள் லீவு மட்டும் கொடுத்தார்.

லீவு முடிந்து வந்தவள், பழைய துணி அறையில் கருவிகள் ஸ்டெரிலைசரில் வேகும்வரை காத்திருந்தாள். மூலையில், சரியாக விழாமல் கெட்டுப்போன எக்ஸ்ரே படங்கள் கட்டாகக் கிடந்தன. கை சும்மா இருக்க மாட்டாமல் ஒன்றை எடுத்துக் கத்தரித்தாள். கொண்டை வந்தது, கூர் மூக்கு வந்தது, இடுப்பில் ஊன்றிய கை வந்தது. வார்டு ஆயா சரசு அதை வாங்கி ஜன்னல் வெயிலில் பிடித்தாள். சுவரில் நிழல் விழுந்தது.

"நோடி, பாருங்க சிஸ்டர், இது நம்ம சூப்பிரண்டு மேடம் அல்லவா?" என்றாள் சரசு.

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்த அறைக்குள் யாரும் சிரித்து ஜோதிமணி கேட்டதே இல்லை.

அப்படித்தான் தொடங்கியது. மத்தியானம் ட்யூட்டி மாறும்போது அரை மணி நேரம். முதலில் இருவர், பிறகு ஆறு பேர், மழைக்காலம் முடிவதற்குள் பதினொரு பேர். ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டால் படத்தின் கறுப்பு கரைந்து, லேசான நீலத்தில் கண்ணாடி போன்ற தாள் கிடைக்கும் என்று சரசு கண்டுபிடித்தாள். தேதி கடந்த மருந்துகளே சாயமாயின. ஊதாவுக்கு ஜென்ஷன் வயலட், சிவப்புக்கு மெர்குரோகுரோம். இரண்டு சலைன் ஸ்டாண்டுக்கு நடுவே ஒரு படுக்கை விரிப்பு, பின்னால் ஒரு பல்பு.

எரிச்சல் மூட்டியவர்களையெல்லாம் முதலில் வெட்டினார்கள். பிறகு ஒருநாள் அஷ்வினி என்ற இளம் நர்ஸ், படத்தைக் கழுவாமலே ஒரு சின்னப் பெண்குழந்தையை வெட்டினாள். விலா எலும்பு தெரிந்தபடி அது விரிப்பில் நின்றது. போன தசராவின்போது தன் கையில் இறந்த குழந்தை என்றாள். பெயரைச் சொன்னாள், அது கேட்ட மிட்டாயைச் சொன்னாள், சொல்லிக்கொண்டே அழுதாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. ஒவ்வொருத்தியாகப் படம் எடுத்து, தாங்கள் இழந்தவர்களை வெட்டத் தொடங்கினார்கள். ஜோதிமணி மூன்று பேரை வெட்டினாள். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சென்னிமலையிடம் அந்த மூன்று பேரைப் பற்றியும் பேசினாள். அவர் தட்டில் கைவைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸுகள் ட்யூட்டி நேரத்தில் பொம்மை விளையாடுகிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். கௌரம்மா முன்னறிவிப்பு இல்லாமல் துணி அறைக்கு வந்து, நடப்பதைக் காட்டச் சொன்னார். ஒளிக்க வழியில்லை. கூர் மூக்கு மேடம் லீவு விண்ணப்பங்களை அடுக்கிவைத்து அதன்மேல் உட்காரும் காட்சியையும் சேர்த்தே காட்டினார்கள். அதற்குப் பின் இறந்தவர்கள் ஒவ்வொருவராக விரிப்பைக் கடந்து போனார்கள். விளக்கு அணைந்தும் கௌரம்மா எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் நான் யாருக்காகவும் அழுததில்லை என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு ஒரு கத்தரிக்கோல் கேட்டார்.

அடுத்த வாரத்து ட்யூட்டி சார்ட்டில், புதன்கிழமை இரண்டு மணிக்கு, 'பயிற்சி, துணி அறை' என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

1995 மே மாதம் நர்ஸ் தினத்தன்று மீட்டிங் ஹாலில் முழு ஆட்டமும் நடந்தது. முடிந்ததும் டாக்டர் இராமச்சந்திரன், தமிழர், எழுந்து கேட்டார். "நல்லாத்தான் இருந்தது. ஆனா இதனால பேஷண்ட்டுக்கு என்னம்மா பிரயோஜனம்?"

ஜோதிமணி விரிப்புக்கு முன்னால் வந்து நின்றாள். "இது பேஷண்ட்டுக்கு இல்லீங்க டாக்டர். எங்களுக்குங்க. நாங்க கல்லுன்னு நீங்க எல்லாரும் சொல்லிப்போட்டீங்க. கல்லுக்குத் துணி ஒட்டியிருக்குதா, ஊறியிருக்குதான்னு தெரியாதுங்க. எனக்கு இப்பத் தெரியுதுங்க."

முன்வரிசையிலிருந்து கௌரம்மாதான் முதலில் கை தட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வார்டிலிருந்து யாரும் மாற்றல் கேட்கவில்லை. 1997இல் கொள்ளேகால் ஆஸ்பத்திரி நர்ஸுகள் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஜோதிமணியும் சரசுவும் போய் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில், மடியில் இருந்த அட்டைப் பெட்டியில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். சரசு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்து விளக்கத் தொடங்கினாள். இதெல்லாம் நம்ம சிஸ்டர் செய்தது, டாக்டர்களே எழுந்து நின்று பார்த்தார்கள் என்று கொஞ்சம் கூட்டியே சொன்னாள். முன் சீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாயிருந்தால் ஜோதிமணி அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள். அன்று நிறுத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, முழுதும் கேட்டுக்கொண்டு வந்தாள்.