இரும்புக்கு அடுத்த உலோகம்

நட்சத்திரங்களைப் பற்றி நான் எழுதிய சிறிய புத்தகத்தின் முன்னுரையில், எந்த உண்மையானாலும் அதன் முகத்தை நேராகப் பார்ப்பதுதான் விஞ்ஞானம் என்று பெருமையாக ஒரு வரி இருக்கிறது. இப்போது அதைப் படித்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. அதை எழுதி ஓராண்டு ஆவதற்குள் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. எனக்குத்தான் தெரிந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் சாகும்வரை சொல்லவில்லை.

அப்போது நாங்கள் கருவடிக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வாய் அதிகம். எண்பதாம் வருஷம் சூரிய கிரகணத்தன்று பிற்பகலில் எங்கள் தெரு மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டது. நான் மட்டும் ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு, கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கடித்த பிஸ்கட் மாதிரி சூரியன் தாளில் விழுந்தது. பார்க்க ஒருவரும் வரவில்லை என்ற கோபத்தில், "படிச்சவங்களே இப்பிடிப் பயந்துக்கினு உள்ள உக்காந்திருந்தா நாடு உருப்பட்டாப்புலதான்!" என்று பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவுக்குக் கேட்கும்படி கத்தினேன். கதவு திறக்கவில்லை. என் மனைவிதான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"கத்தாதீங்க. பயப்படறவங்களத் திட்டினா பயம் போயிடுமா?" என்றாள்.

அந்தக் கோடை விடுமுறையில் புத்தகத்தை ஆரம்பித்தேன். விஞ்ஞானம் படிக்காத ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாலும் புரிய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு அளவுகோல் என் மனைவி. அவள் கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவள். இயற்பியல் என்றால் காத தூரம் ஓடுவாள். சாயங்காலம் நான் எழுதியதை வாசித்துக் காட்டுவேன், அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். புரியாத இடத்தில் ஒரு விரலைத் தூக்குவாள். விரல் எழும்பினால் அந்தப் பத்தியை நான் திருப்பி எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் எழுதுவேன்.

நட்சத்திரத்தை அதன் எடை உள்நோக்கி அழுத்துகிறது, உள்ளே பிறக்கும் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருக்கும்வரை அதற்கு ஆயுள் என்பதை இரண்டு பக்கத்துக்கு நீட்டியிருந்தேன். விரல் இறங்கவே இல்லை.

"இட்லிப் பானையில ஆவி மூடிய மேல தூக்குது. மூடி தன் கனத்துல கீழ அமுக்குது. அதானே? அத எழுதிட்டுப் போங்களேன்," என்றாள். அப்படியே எழுதினேன். புத்தகத்தில் எல்லோரும் பாராட்டியது அந்த இடத்தைத்தான்.

ஆறாவது அத்தியாயம் நட்சத்திரத்தின் முடிவு. ஹைட்ரஜன் சேர்ந்து ஹீலியமாகிறது, ஹீலியம் கார்பனாகிறது, பெரிய நட்சத்திரங்களில் இது படிப்படியாக இரும்புவரை போகிறது. இரும்போடு சரி. இரும்பைச் சேர்த்தால் வெப்பம் வராது, இருக்கிற வெப்பமும் செலவாகும். அடுப்பு அணைந்துபோன பானையின் மூடி இறங்குவதுபோல நட்சத்திரம் தன் எடையில் தானே இடிந்து, பிறகு வெடித்துச் சிதறும். அதோடு நான் முடித்திருந்தேன்.

"அப்ப இரும்புக்கு மேல இருக்கறதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்காகவே மூன்று வரி சேர்த்தேன். இரும்புக்கு அடுத்த உலோகம் கோபால்ட். அதுவும் நட்சத்திரங்கள் வெடிக்கையில் உண்டானதே. அதை அணு உலையில் வைத்து எடுத்து, ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சுகிறார்கள். மறுநாள் வாசித்துக் காட்டினேன். விரலைத் தூக்கவில்லை.

அடுத்த மாசி மாதத்தில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபிறகு டாக்டர் என்னை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "முத்திப்போச்சு சார். கதிர் கொடுத்துப் பார்க்கலாம். அவங்ககிட்ட நோயோட பேரச் சொல்லாதீங்க, மனசு ஒடிஞ்சிடுவாங்க," என்றார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அவளுடைய அண்ணனும் தலையாட்டினார். கர்ப்பப்பையில் புண், கரண்ட் வைத்தால் ஆறிவிடும் என்று நாங்கள் ஆம்பிளைகள் பேசி வைத்துக்கொண்டோம்.

கரண்ட் என்ற பேரில் ஆறு வாரம் கதிர் வைத்தார்கள். முதல் நாள் போனபோது அந்த அறையின் கதவுக்குப் பக்கத்தில் கோபால்ட் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிய பலகை இருந்தது. அவள் கண்ணில் படாமலிருக்க அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன். நானோ குள்ளம். பலகை என் தலைக்கு மேலே முழுசாகத் தெரிந்திருக்கும்.

வெளியே வந்ததும், "அந்த மிஷினுக்கு என்னாங்க பேரு?" என்று கேட்டாள்.

"கரண்ட் மிஷின்தான். வேற என்ன?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள்.

வீட்டில் படுத்திருந்தபோது புத்தகத்தை நகல் எடுத்துத் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். "அந்தக் கயேவ எடுங்க," என்பாள். நோட்டுப் புத்தகம் அவளுக்குக் கடைசிவரை கயேதான். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, பிரெஞ்சு எழுதிப் பழகிய கையால், வலப்பக்கம் சாய்ந்த தமிழை ஊதா மையில் எழுதுவாள். நல்ல நாளில் ஒரு பக்கம், முடியாத நாளில் நாலு வரி. ஐந்து அத்தியாயங்களை அப்படியே கொடுத்தேன். ஆறாவதைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த மூன்று வரியையும் கறுப்பு மையால், தாளின் பின்பக்கம் ஊறும்வரை அடித்தேன். அவள் கேட்டு எழுதிய வரிகள் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் பேனாவை வைத்துவிட்டு, "நட்சத்திரத்துக்குத் தெரியுமாங்க, தனக்கு முடியப் போவுதுன்னு?" என்று கேட்டாள்.

"அதுக்கு என்ன தெரியும்? அது வெறும் வாயு," என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில்.

"தெரிஞ்சாத்தான் என்னா? யார்கிட்ட சொல்றது?"

கஞ்சி பொங்குகிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். கஞ்சியை நான் அடுப்பில் ஏற்றவே இல்லை. அணைந்த அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அவள் மறுபடி எழுத ஆரம்பித்திருந்தாள்.

புரட்டாசியில் வேலை முடிந்தது. கயேவை என்னிடம் நீட்டி, "ஒரு தடவ முழுசாப் படிச்சிப் பாத்துட்டுக் குடுங்க. ஆறாவத நல்லாப் பாருங்க," என்றாள். பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. போகப்போக அந்தக் கையெழுத்து தளர்ந்து, வரி கீழே சரிந்துகொண்டு போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கொண்டுபோய்த் தட்டாஞ்சாவடி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். "படிச்சீங்களா?" என்று கேட்டாள். "படிச்சேன், நல்லா இருக்கு," என்றேன். அதன்பிறகு அவள் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐப்பசி மழையில் இறந்துபோனாள். கடைசி வாரத்திலும், புண் ஆறிக்கொண்டே வருகிறது, டாக்டர் சொன்னார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். எங்கள் தெருவிலிருந்து சுடுகாடு நடக்கிற தூரம்தான்.

தை கடைசியில் அச்சகத்திலிருந்து பிழை பார்க்கப் புரூப் வந்தது. ஆறாவது அத்தியாயத்தில் கோபால்ட் இருந்தது. நான் அடித்த மூன்று வரியும் ஒரு சொல் மாறாமல் இருந்தன. அவற்றின் கீழே நான் எழுதாத சில வரிகளும் இருந்தன. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒன்றும் யோசிக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய், "யாரு என் புத்தகத்துல கை வச்சது?" என்று கத்தினேன். அச்சுக் கோக்கும் அம்மா உள்ளே போய்க் கயேவை எடுத்து வந்து, பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இதுல இருக்கறதத்தான் சார் கோத்தேன்."

ஊதா மை. சாய்ந்த எழுத்து. மூன்று வரியையும் அவள் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தாள். அதற்குக் கீழே: "இந்தக் கதிர் பாயும்போது உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை. சூடு கூட இல்லை. அந்த நேரம் அறையில் யாரும் கூட இருக்கக் கூடாது என்பதால் தனியாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம்."

"தப்புன்னா எடுத்துடட்டுமா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். இருக்கட்டும் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

புத்தகத்தில் மற்றதெல்லாம் யாரோ கண்டுபிடித்ததை நான் படித்து எழுதியது. எழுதினவரே பட்டறிந்து எழுதியது அந்த நாலு வரி மட்டும்தான். ஆஸ்பத்திரி அறையில் அவளைத் தனியாக விட்டது கதிருக்குப் பயந்து. அது தினமும் சில நிமிஷம். மீதி நேரமெல்லாம் வீட்டில் அவளைத் தனியாக விட்டது நான்.