இன்னும் கரை ஏறவில்லை

வாசகர்கள் தாங்களே ஊர்ச் செய்தி எழுதி அனுப்பும் பத்திரிகையில் இன்று என் பெயர் வந்திருக்கிறது. இந்த வயதில் எழுத்துப் படித்தவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடலுக்குப் போன என் தங்கை புருஷன் ‘இன்னும் கரை ஏறவில்லை’ என்று எழுதியிருந்தேன். உடல் கிடைக்காதவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அச்சில் ‘கடலில் இறந்தார்’ என்று இருந்தது.

செய்திகளைத் தொகுக்கும் சிதம்பரத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

“ஊரு ஊரா அனுப்புறாங்க ஐயா, பாக்குறது நான் ஒருத்திதான். எல்லாருக்கும் புரியட்டும்னு மாத்திட்டேன்.”

போனை வைத்ததும் தங்கை வந்தாள். நெற்றியில் குங்குமம். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“மச்சானப் பத்தி என்னாண்ணே போட்டுருக்கு? படி.”

பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதியதையே எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

“அதான பார்த்தேன். நல்லாத்தான் படிக்கிற நீ” என்றாள்.

யாராவது அவளிடம் வேறு மாதிரி படித்துக் காட்டினால், கிழவனுக்கு இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் வரவில்லை என்று சொல்லுங்கள்.