புல்லுக்காரர்

ஓவியர்கள் மத்தியில் அவருக்குப் புல்லுக்காரர் என்று பெயர். பள்ளிக்கூடப் படங்கள், வனத்துறைப் பலகைகள், நாள்காட்டிகள் என்று முப்பது வருடமாகப் பறவைகளையும் மிருகங்களையும் வரைந்து வந்தார். இறகை எண்ணிவிடலாம் போலிருக்கும். கால்கள் மட்டும் எப்போதும் புல்லுக்குள் இருக்கும்.

“என்னங்க, உங்க பறவைக்கெல்லாம் காலே கிடையாதா? பேய்க்குத்தான் இருக்காதுன்னு சொல்வாங்க” என்பாள் மனைவி. அவளுக்குச் செருப்புக் கடையில் வேலை. கால் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

“எனக்குப் புல்லு நல்லா வருது” என்று நழுவிவிடுவார்.

அவர் வரையும் கால்களில் உயிர் இருப்பதில்லை. ஏன் என்பது அவருக்கே பிடிபடவில்லை.

ஒருநாள் பெரிய பறவை நூல் ஒன்றின் பதிப்பாசிரியை போனில் அழைத்தார். அட்டைப்படம். இத்தனை காலம் ஏங்கிய வேலை. ஆனால் கேட்டது இலைக்கோழி. நீரில் மிதக்கும் இலைகள்மேல் நடப்பது. அதன் அழகே நீண்ட விரல்கள்தான்.

“புல்லு வேண்டாம் சார். மூணு வாரம் டைம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“முடியும்மா” என்று வாய் முந்திக்கொண்டது.

வழக்கம்போல அருங்காட்சியகத்துக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். பஞ்சடைத்துப் பாடம் செய்த இலைக்கோழி மல்லாந்து கிடந்தது. இரண்டு கால்களையும் சேர்த்து நூலால் கட்டி, நூலில் பெயர்ச்சீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். விரல்கள் சுருண்டு காய்ந்திருந்தன. பக்கத்துப் பறவைக்கும் அப்படித்தான். இந்த இழுப்பறைகளைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் வரைந்திருக்கிறார். கட்டிப்போட்ட காலை வரைந்துவிட்டு, நடக்கவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வந்தது. இழுப்பறையை மூடினார்.

பதினோரு நாள் காலையில் குளக்கரையில் உட்கார்ந்தார். பறவை காலைத் தூக்கும்போது விரல்கள் குடைபோல மடங்கின. வைக்கும்போது விரிந்தன. இலை லேசாக அமுங்கித் தண்ணீர் ஏறியது. நோட்டு நிறையக் கால்களாக வரைந்தார், உடம்பைத் தொடவேயில்லை.

முடிந்த படத்தை மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் காலுக்கு எங்க கடையில அளவே இல்லீங்க.”

படம் அட்டைக்குப் போயிற்று. அடுத்து, வானில் பறக்கும் தகைவிலான் குருவியைக் கேட்டார்கள். பென்சில் வரைவு போய்ச் சேர்ந்ததும் பதிப்பாசிரியை அழைத்தார்.

“சார், பறக்கறப்ப கால் தெரியாதே?”

“தெரியாதும்மா. அழிச்சிடறேன். சும்மா போட்டுப் பாத்தேன்.”