முகாம் நெருப்புக்கு ஒரு சிவப்பு பல்பு

தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்து, தூள் நிரப்பி, தேதி எழுதிய அட்டையை அவற்றின் கழுத்தில் மாட்டிவிடுவது அவர் தொழில். ஆபீஸ், ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று எங்கெல்லாம் சுவரில் சிவப்பாக ஒன்று தொங்குகிறதோ, அங்கெல்லாம் அவர் கை பட்டிருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தீயைக்கூட அவர் நேரில் அணைத்ததில்லை. அது தன் தொழிலுக்குப் பெருமையா, தனக்குக் குறையா என்பது அவருக்கே தெளிவாகவில்லை.

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் வெளியேறும் வழியைத்தான் தேடும். சினிமாவுக்குப் போனால் அவசரக் கதவுக்குப் பக்கத்து சீட்டுதான். அங்கிருந்து பார்த்தால் திரையில் பாதிதான் தெரியும். "இவரோட நான் பார்த்த படத்துல எல்லா கதாநாயகிக்கும் ஒரு கண்ணுதான்" என்பாள் அவர் மனைவி.

சனிக்கிழமைகளில் அவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சாரணர் குழுவுக்குத் தலைவர். பிள்ளைகள் வைத்த பெயர் சிலிண்டர் சார். உருவமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவரிடம் சாரணர் குழுவை யார் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். யாரும் கொடுக்கவில்லை. மகள் குழுவில் சேர்ந்த வருஷம் பழைய தலைவருக்கு மாற்றல் வந்தது. மற்ற பெற்றோர் எல்லாரும் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தபோது இவர் ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பத்தில் அவரைப் போல ஒரு தலைவர் கிடைக்க மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். காலி டின்களைக் கட்டி மிதவை செய்து குளத்தில் விட்டார். கண்ணைக் கட்டிவிட்டு, வாசனையை வைத்தே கடைத்தெருவில் எது எந்தக் கடை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாத்திரமே இல்லாமல் சமைக்க வைத்தார். வெந்ததோ வேகவில்லையோ, பிள்ளைகள் வழித்துத் தின்றார்கள். பள்ளிக்கூடம் குழுவுக்குக் கொடுத்திருந்த கொட்டகையில் உட்கார இடம் போதாமல் இருந்தது.

அப்புறம் ஒரு முகாமில் விறகு வெடித்து, ஒரு பையன் கையில் பொறி விழுந்தது. கடுகளவு கொப்புளம். மறு வாரம் பையனின் அப்பா வந்தார். வக்கீல். சத்தமே போடவில்லை.

"சின்னக் காயம்தான் சார். ஆனா பெருசா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வேறொருவராக இருந்தால், பெருசா இல்லையே என்று சிரித்து மறந்திருப்பார். சிலிண்டர் சாரின் தொழிலே 'இருந்திருந்தா' என்ற ஒரு சொல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அன்று மாலையே ஒரு பலகைக்குச் சிவப்பு அடித்து, கொட்டகைக் கதவில் மாட்டி, முதல் விதியை வெள்ளையில் எழுதினார்: நெருப்பு கூடாது.

நெருப்பில்லாத முகாம் எப்படி? அதற்கும் வழி கண்டுபிடித்தார். மரப்பெட்டிக்குள் ஒரு சிவப்பு பல்பு, மேலே ஆரஞ்சுத் துணி, துணி ஆட ஒரு சின்ன மின்விசிறி. பார்த்தால் நெருப்பு மாதிரியே இருந்தது என்று அவர் சொன்னார். பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். "சார், பல்பு ரொம்ப சூடாகுது, ஆஃப் பண்ணிடலாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளை அவர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்.

அதற்குப் பிறகு விதிகளுக்குக் குறைவில்லை. ஒருத்திக்கு விரலில் கீறல். கத்தி போனது, உருளைக்கிழங்கைக் கரண்டியால் சுரண்டச் சொன்னார். ஒருவனுக்குக் கயிறு உரசி உள்ளங்கை சிவந்தது. கயிறு போனது, முடிச்சுகளைக் கம்பளி நூலில் போடச் சொன்னார். கூடாரக் கம்பு ஒருவன் தலையைத் தொட்டது. தொட்டது மட்டும்தான், ஆனாலும் கூடாரங்கள் அன்று முதல் பள்ளி ஹாலுக்குள் மின்விசிறிக்குக் கீழே நின்றன. எங்கே போனாலும் ஜோடியாகப் போக வேண்டும், அடிக்கடி தலை எண்ண வேண்டும், வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊத வேண்டும். குழுவுக்குள் உறவு கிடையாது, அவர் மகளும் அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். பலகையில் இடம் தீர்ந்ததும் ஓரங்களில் எழுதினார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கொட்டகை கொள்ளாத கூட்டம் பதினோரு பேராகக் குறைந்தது. அதில் ஒருத்தி அவர் மகள்.

போனவர்கள் எங்கே போனார்கள்? ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்புக்கு. அங்கே ஓடு உடைத்தார்கள், ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டார்கள். வக்கீலின் மகன் சுண்டுவிரலை உடைத்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையின் படத்தை வக்கீலே செல்போனில் காட்டினார். "ஓடு ரெண்டா போச்சு சார், பாத்தீங்களா?" சிலிண்டர் சார் பார்த்தார்.

தலைமை ஆசிரியை ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். "சார், கராத்தே மாஸ்டர் சனிக்கிழமைக்கும் கொட்டகையைக் கேக்கிறார். அவர்கிட்ட அறுபது பிள்ளைங்க இருக்காங்க. உங்ககிட்ட எத்தனை பேருன்னு நான் கேக்கல. வெளியில, நிஜமா ஒரு முகாம் நடத்துங்க. நானும் வர்றேன். பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

"ஏதாவது அசம்பாவிதம் ஆயிட்டா மேடம்?"

"ஆயிட்டா, கொட்டகைச் சாவியைக் கொடுத்துடுங்க."

அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நானும் கராத்தேல பேர் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"ஏம்மா?"

"நெருப்பு மூட்டத் தெரியாத சாரணின்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்க."

மனைவி குழம்பை ஊற்றியபடி, "நல்லா மூட்டுவா, சுவிட்சு எங்கன்னு காட்டுங்க" என்றாள். அவர் பாதியில் கை கழுவினார். கொட்டகை போனால் போகட்டும், இந்தப் பெண் போய்விட்டால் சனிக்கிழமைகளில் தான் யார் என்பதே அவருக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்ல எந்த விதியிலும் இடம் இல்லை.

ஏரிக்கு அப்பால் இருந்த காட்டுக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். காலையில் ஏறி, மதியம் மேலே சாப்பிட்டு, வெயில் தாழ இறங்க வேண்டும். கவனம் சிதறும் என்று செல்போன்களை எல்லாம் பஸ்ஸிலேயே வைக்கச் சொன்னார். தலைமை ஆசிரியை முதல் ஆளாகத் தன்னுடையதை வைத்தார். நாலு ஜோடி, மீதி மூன்று பேர் ஒரு கூட்டு. ஒவ்வொருவர் கழுத்திலும் சாரணர் துண்டு, விசில். இரண்டு பேர் கையில் குழுவின் கொடிக்கம்பு. அவர் முதுகுப் பையில் மட்டும் ஒரு சிலிண்டர். நெருப்பே மூட்டாத மலையேற்றத்துக்கு அது எதற்கு என்று தலைமை ஆசிரியை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு 'இருந்திருந்தா' கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ணினார். பதினொன்று. பதினொன்று. உச்சிக்குக் கீழே ஒரு வெட்டவெளி வந்தது. "எல்லாரும் இங்கயே உக்காருங்க, யாரும் நகரக் கூடாது. மேல கல்லு ஏதும் ஆடுதான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று முன்னால் போனார். எல்லாருக்கும் ஜோடி போட்டவருக்கு ஜோடி கிடையாது. அதை அவரும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை.

கல் எதுவும் ஆடவில்லை. ஆடியது அவர்தான். ஒரு சரிவில் சிலிண்டர் ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் இழுக்க, சிலிண்டர் ஜெயித்தது. உருண்டுபோய் ஒரு புதருக்குள் எழுந்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. வந்த பாதை எங்கே என்று தெரியவில்லை.

நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊத வேண்டும். அவர் எழுதியதுதான். விசிலை வாய் வரை கொண்டுபோனார். சத்தம் தலைமை ஆசிரியை காதில் விழும். தலைவரே தொலைந்துபோன குழுவுக்குக் கொட்டகை எதற்கு? விசிலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றி, ஏதோ ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

வெட்டவெளியில் மகள் விதிப்படி தலை எண்ணினாள். பதினொன்று, எல்லாரும் இருந்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சார் சொல்லாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. பசித்த ஒருவன், "சார் எங்க?" என்று கேட்டான்.

விசில் ஊதினார்கள். அவருக்குக் கேட்கத்தான் செய்தது, ஆனால் சத்தம் பாறைகளில் மோதி நாலு பக்கமிருந்தும் வந்தது. தேடிப் போகலாமா என்றால், நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தலைமை ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"புகை போட்டா அவருக்கு இடம் தெரியும்" என்றாள் மகள். "மேடம், தீப்பெட்டி இருக்கா?"

தலைமை ஆசிரியையிடம் இருந்தது. ஏன் இருந்தது என்பது வேறு கதை. பிள்ளைகள் இலையும் ஈரச் சுள்ளியும் பொறுக்கிக் குவித்தார்கள். குச்சி குச்சியாகக் கிழித்தார்கள். பல்பைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர்களுக்கு எது பற்றும், எது பற்றாது என்று எப்படித் தெரியும்? நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அந்தப் பிள்ளைகள் பழமொழியையே பொய்யாக்கிவிட்டார்கள். ஒரு தீ நாக்குகூட எழவில்லை. புகை மட்டும் மலை முழுவதும் எழுந்தது.

தப்பான திசையில் நொண்டிக்கொண்டிருந்த சிலிண்டர் சார் அதைப் பார்த்தார். காட்டில் புகை, பிள்ளைகள் இருந்த பக்கம். கணுக்கால் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. முள்ளையும் கல்லையும் மிதித்துக்கொண்டு ஓடினார். வெட்டவெளியின் ஓரத்துக்கு வந்ததும் பையிலிருந்து சிலிண்டரை உருவி, தலைகீழாக ஒரு தட்டுத் தட்டி, பாதுகாப்புப் பின்னைப் பிடுங்கி, புகையைப் பார்த்து அழுத்தினார்.

சிலிண்டர் பிரமாதமாக வேலை செய்தது. அவர் வாழ்க்கையில் அணைத்த முதல் தீ அதுதான். அது தீயாகக்கூட இல்லை. வெள்ளைத் தூள் அடங்கியபோது பதினோரு பிள்ளைகளும் ஒரு தலைமை ஆசிரியையும் மாவில் புரட்டி எடுத்ததுபோல நின்றுகொண்டிருந்தார்கள்.

மகள்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்பா" என்றாள். விதி அவளுக்கு மறந்துவிட்டது. "உங்களுக்காகத்தான்பா மூட்டினோம்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கால் வலி வந்தது.

கொடிக்கம்புகள் இரண்டை எடுத்துப் படுக்க வைத்தார்கள். கயிறுதான் இல்லையே, கழுத்துத் துண்டுகளை அவிழ்த்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். கம்பளி நூலில், போரடித்துப்போய், ஆயிரம் முறை போட்ட முடிச்சுகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கைகளுக்கு வரும். அவரை ஏற்றிப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். இறங்கும் வழியெல்லாம் அவர் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூட நெகிழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தூள் விழுந்துவிட்டது என்றார்.

தலைமை ஆசிரியை பஸ் வரை கூடவே இறங்கினார். ஏறும்போது, தலையில் தூளோடு, "அடுத்த சனிக்கிழமை சாவியோட வாங்க" என்றார்.

சாவியைத் துடைத்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு நொண்டியபடி போனார். கொட்டகை வாசலில் அவர் பலகை தரையில் கிடந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு மலையில எது இல்லாம நீங்க தொலைஞ்சீங்களோ அது மட்டும் இருக்கட்டும்னு சொன்னேன்" என்றார் தலைமை ஆசிரியை. "சாவியைக் கொடுங்க. கொட்டகையைத் திறக்கணும். விறகு வாங்கியிருக்கேன், உள்ள அடுக்கணும்."

"கராத்தே மாஸ்டர்?"

"வராந்தா போதும்னுட்டார். உங்க பொண்ணும் அங்க சேர்ந்திருக்கா, ஞாயிற்றுக்கிழமைக்கு. சனிக்கிழமை இங்கதானாம்."

பலகையில் இரண்டு விதிகள் மிஞ்சியிருந்தன. ஜோடியாகப் போக வேண்டும். தலை எண்ண வேண்டும். இரண்டாவதற்குக் கீழே, இன்னும் காயாத வெள்ளையில், கோணலாக எழுதியிருந்தது: சாரையும் சேர்த்து.

மகள் எழுந்து எண்ண ஆரம்பித்தாள். தன்னோடு பதினொன்று வந்ததும் நிறுத்தி, அவரைப் பார்த்தாள்.

"அப்பா?"

"இங்க சார்னுதான்..." என்று ஆரம்பித்தவர் பலகையைப் பார்த்தார். அந்த விதியும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. இத்தனை வருஷமாக அவர் எல்லாரையும் எண்ணியிருக்கிறார். அவரை எண்ணியவர் ஒருவரும் இல்லை. நிமிர்ந்து நின்றார், வீங்கிய காலோடு, மற்ற பிள்ளைகள் நிற்பதுபோல விறைப்பாக.

"உள்ளேன்" என்றார்.