ஐஸ் தண்ணீரில் ஒரு கை

அன்று காலை டிரைவர் முனிரத்தினம் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசியில், சாலவாக்கம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் நர்ஸ். உத்திரமேரூரிலிருந்து தினமும் அவர் ஓட்டுகிற தனியார் பஸ்ஸில்தான் வேலைக்கு வருவேன். நான் ஓடிவருவது தெரிந்தால் வண்டியை எடுக்காமல் காத்திருப்பார்.

முந்தைய வாரம் அவருக்கு பிரஷர் ரொம்ப அதிகமாக இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் சரியென்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி ஸ்டியரிங் என்றார் பஸ் முதலாளி. மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று யாரோ பயமுறுத்த, அவர் அதைத் தொடவே இல்லை. எல்லாம் இன்ஜின் சூடு, பச்சைத் தண்ணீரில் நின்றால் இறங்கிவிடும் என்று வேறொருவர் சொல்லியிருக்கிறார். மார்கழிக் குளிரில் பம்ப்செட்டுக்கு அடியில் வெகுநேரம் நின்றுவிட்டு நேராக வந்திருந்தார்.

கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். முந்தைய வாரத்தைவிட ஏறியிருந்தது. அவர் நம்பவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்றார்.

டாக்டர் திட்டவில்லை. தடுப்பூசிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஐஸை ஒரு பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். முதலில் எனக்கு பிரஷர் பார்த்தார். பிறகு என் இன்னொரு கையை அந்தத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். எலும்புவரை வலித்தது. மறுபடி பார்த்தபோது பாதரசம் நன்றாக மேலே நின்றது. குளிர் பட்டதும் ரத்தக்குழாய் சுருங்குகிறது, அதனால் அழுத்தம் ஏறுகிறது என்று விளக்கினார். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தே வண்டி ஓட்டியவர் முனிரத்தினம். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நானே ஏத்திக்கினு வந்துட்டேனா சார்?"

தலையைத் துவட்டி, போர்த்திப் படுக்க வைத்தோம். பிறகு பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருந்தது. கையெழுத்துப் போடும் அளவுக்கு இல்லை.

"நீங்க எழுதித் தரலன்னா வூட்ல அடுப்பு எரியாது சார்" என்றார். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"நானும் அந்த வண்டியிலதான் வரேண்ணே" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் மனைவி வந்து மாத்திரை வாங்கிப் போனார். டாக்டர் அவரிடம் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். குளிர்ச்சியே கூடாது என்பதில்லை. மிதமான தண்ணீரில் குளிக்கலாம், நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்கலாம், படபடப்பு அடங்கும். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அது நிற்காது. உப்பைக் குறைக்க வேண்டும்.

முனிரத்தினம் ஷெட்டில் வண்டி கழுவும் வேலைக்குப் போனார். சம்பளம் குறைவு. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாலும் என்னோடு பேசமாட்டார். எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

அறுவடை முடிந்த சமயம் பிரஷர் இறங்கி ஒரே நிலையில் நின்றது. டாக்டர் எழுதிக் கொடுத்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டும் அவர் எழுந்து போகவில்லை. டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏரிக்கரை திருப்பத்துல ஒருவாட்டி எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சும்மா. வண்டி நிறைய பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. எப்டி பிரேக்கப் போட்டேன்னே தெரியாது. வேல பூடும்னு யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு நீ சொன்னதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு."

அவர் மறுபடி பஸ் ஓட்டினார், பல வருஷம். மாத்திரையை விடவில்லை.

இப்போது நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வந்தவரை உட்கார வையுங்கள். மூச்சு அடங்கட்டும். பட்டையைச் சுற்றுவதற்கு முன்னால், வீட்டில் என்ன செய்துவிட்டு வந்தார் என்று கேளுங்கள். எதை இழந்துவிடுவோமென்று பயந்து அதைச் செய்தார் என்பதையும் கேளுங்கள். பாதரசம் அதைச் சொல்லாது.